ஞாயிறு வரை மறைத்த நோவு

மாற்றுச் சிறுநீரகம் வைத்த பிறகு, என் கணவர் எலியாவுக்குக் கனவு காண்பதே பாதி வேலையாகிவிட்டது. பாறசாலையில் மோட்டார் காயில் சுற்றும் கடை அவருக்கு. செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே, கண் திறந்தபடி எங்கோ போய்விடுவார். கேட்டால், நெய்யாறு தன் வயிற்றுக்குள் மெல்ல ஓடுகிறது என்பார். டயாலிசிஸ் காலத்தில் ஒரு வாய் தண்ணீருக்கு ஏங்கிய மனிதர் அல்லவா, இப்போது தம்ளரை வெயிலில் தூக்கிப் பிடித்து, ரசித்து ரசித்துக் குடிப்பார். நான் கேலி செய்வேன். ஆனாலும் அந்தக் கிறக்கத்தில் அவரைப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சிறுநீரகம் கொடுத்தது அவருடைய அக்கா, கள்ளிக்காட்டு விமலகுமாரி மைனி. ஓராண்டு நிறைகிற ஞாயிற்றுக்கிழமை, சபையில் இவர் எழுந்து, கர்த்தர் சுகம் தந்ததைச் சாட்சியாகச் சொல்வதென்று முடிவாகியிருந்தது. சாட்சியைப் பூரண சுகத்தோடு சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் எண்ணம். கேட்க மைனியும் வருகிறார்.

அதற்கு முந்தின வியாழன் மத்தியானம் அவருக்கு மேல்வயிற்றில் வலி வந்து முதுகுக்குப் பாய்ந்தது. முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. எந்த வலி வந்தாலும் உடனே கூப்பிடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

“டாக்டருக்குப் போன் போடட்டா?” என்றேன்.

“அக்காக்க கிட்னி கீழ, வலது பக்கம்லா இருக்கு. இது மேல. வாயு ஆக்கும்.”

“எதுக்கும் ஒரு வாக்கு கேட்டா என்ன?”

“கேட்டா பிடிச்சுப் படுக்க வைப்பாவ. அக்கா வந்து பாத்தா, தந்தது வீணாப் போச்சுண்ணு ஒடஞ்சு போவா.”

நானும் நம்பி ஓமத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. விழுங்கிய மாத்திரைகளைக் கடைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்ததை அவர் எனக்குச் சொல்லவேயில்லை.

ஞாயிறு காலை சபைக் கோயிலில், சாட்சி சொல்ல வெள்ளை வேட்டியில் எழுந்து நின்றார். ஜன்னல் வழியே வந்த வெளிச்சம் தரையில் அசைந்தது. கோயிலே தண்ணீரில் மிதந்து நகர்வதுபோல இருந்ததாம் அவருக்கு. வலிகூட யாருடையதோ என்று பட்டதாம். “கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்றார். பிறகு பெஞ்சைப் பிடித்தபடி அப்படியே சரிந்தார். மைனிதான் முதலில் ஓடிவந்து தாங்கினார்.

திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில், கணையம் வீங்கியிருக்கிறது என்றார்கள். சிறுநீரகத்தைக் காக்கும் மருந்துகளே அபூர்வமாக இப்படிச் செய்யுமாம். மாத்திரையும் தங்காமல், உடம்பும் வறண்டு, புதுச் சிறுநீரகமும் தடுமாறிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் யாரும் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. மூன்றாம் நாள்தான் மூத்திரம் இறங்கியது. பிழைத்துக்கொள்வார் என்றார் டாக்டர்.

மைனியைக் கண்டதும் இவர் விம்மினார். “அக்கா, நீ தந்தது வீணாப் போச்சுண்ணு நீ நெனப்பியேண்ணு பயந்தேன். அதான் ஒனக்கிட்ட மறச்சேன்.”

“எலே, கிட்னி மட்டும் நல்லா இருந்தாப் போதும்ணா அது எனக்க வயித்துலயே இருந்திருக்கும்லா,” என்றார் மைனி. “நீ இருக்கணும்ணுல்லா தந்தேன்.”

மைனி கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“செரி, இப்பச் சொல்லு மக்கா. எங்க நோவுது?”

ஒளிக்காமல், விரல் வைத்துக் காட்டினார்.