பெயர் அறியப்படாத கூலிப் பெண்

வாலாஜாபாத்தில் நான் வேலை பார்க்கும் அரிசி மில் ஆபீஸில் ஒரு மதியம், கூட வேலை செய்கிறவள் தன் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். "அக்கா, இத்தப் பாருங்க. உங்க ஊர்ப் பேரு போட்டு கீது."

சென்னையில் ஒரு பல்கலைக்கழகம் தன் ஆவணக் காப்பகத்தில் இருக்கும் பழைய காகிதங்களைக் கண்காட்சி வைக்கிறதாம். அதற்கான அழைப்பிதழ். நடுவில் ஒரு நோட்டுப் பக்கத்தின் படம். அடியில், 'உத்திரமேரூர் வட்டாரத்தைச் சேர்ந்த, பெயர் அறியப்படாத கூலிப் பெண்ணின் நாட்குறிப்பு.'

படித்துப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. அந்த 'ழ' போதும். அம்மாவுக்கு வாயில் 'ழ' வராது. எழுதும்போது மட்டும் அதன் வாலை இரண்டு சுற்று சுற்றி விடுவாள். வேறு யாரும் அப்படி எழுதி நான் பார்த்ததில்லை.

அம்மா கழனி வேலைக்குப் போனவள். எங்களுக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. முப்பது வயதுக்கு மேல், காலனியில் நடந்த முதியோர் வகுப்பில்தான் எழுதக் கற்றுக்கொண்டாள். மற்றவர்கள் கையெழுத்துப் போடத் தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்கள். அம்மா நிறுத்தவில்லை. வேலை முடிந்து வந்து, அடுப்பில் உலை கொதிக்கும் நேரத்தில் குந்தி எழுதுவாள். அன்று யார் கழனி, யார் என்ன பேசினார்கள், ஏரியில் தண்ணீர் எந்தப் படி வரைக்கும் நின்றது என்று. அப்படி ஒன்பது நோட்டுகள்.

பிறகு ஒரு ஆராய்ச்சி மாணவி வந்தாள். கோயில் கல்வெட்டைப் பார்க்க வந்தவள், காலனிக்கும் வந்தாள். அம்மா கொடுத்த மோரை வாங்கிக் குடித்தாள். "படிச்சிட்டுத் திருப்பித் தந்துடுறேம்மா" என்று ஒன்பதையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனாள். இரண்டு முறை போன் செய்தாள். அப்புறம் அந்த எண் இல்லாமல் போயிற்று. நான் அம்மாவைத்தான் திட்டினேன். வந்தவளைத் திட்ட அவள் எதிரில் இல்லையே.

அழைப்பிதழைக் காட்டியபோது அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். "பேர் தெரியாதுன்னு போட்டுக்கினு கீறாங்களே. மொத நோட்டுல அட்டைமேலயே எய்தி வெச்சேனே" என்றாள். மறுநாளே கிளம்பினோம். செங்கல்பட்டு வரைக்கும் பஸ், அங்கிருந்து ரயில்.

காப்பகம் இரண்டாவது மாடியில். படிகளில் அம்மா மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். பொறுப்பில் இருந்த அதிகாரி எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"லெட்டர் இருக்கா? எந்த டிபார்ட்மென்ட் அனுப்பிச்சாங்க?"

"யாரும் அனுப்பல சார். இத எழுதினவங்களே வந்திருக்காங்க."

அவர் அம்மாவை மேலிருந்து கீழே பார்த்தார். காலில் இருந்த ரப்பர் செருப்பில் வந்து பார்வை நின்றது. "ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும்தான் அனுமதிம்மா" என்றார்.

நான் கத்திவிட்டேன். படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் தலையைத் தூக்கினார்கள். இங்கே சத்தம் போடக்கூடாது என்று ஒருவர் சொன்னார். அவருக்கும் சேர்த்துக் கத்தினேன். கடைசியில், என் வாய்க்குப் பயந்துதான், ஒரு பெட்டி மேசைக்கு வந்தது.

அட்டை போன நோட்டுகள். முதல் நோட்டின் அட்டையைக் கிழித்தது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அம்மா கையை நீட்டினாள்.

"தொடாதீங்கம்மா!"

அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. எந்தக் கேள்வியும் கேட்காமல், சட்டென்று, பழகிய மாதிரி நின்றது. அந்தக் கை அப்படி நிற்க எங்கே பழகியது என்று எனக்குத் தெரியும். அதிகாரி வெள்ளைக் கையுறையை எடுத்துக் கொடுத்தார். எல்லோருக்கும் இதே விதிதான், பேராசிரியர்களும் போட்டுக்கொண்டுதான் தொடுவார்கள் என்றார். உண்மையாகத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

அம்மா கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சாணி தட்டின கையோட எய்தினது சார் இது. அப்ப ஒண்ணும் ஆவல" என்றாள்.

"நீங்கதான் எழுதினீங்கன்னு என்ன ஆதாரம்?"

ஒரு காகிதம் கொடுத்து எழுதச் சொன்னார். அம்மாவின் கை இப்போது நடுங்கும். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "பொருந்தலையே."

அம்மாவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. மேசையை விட்டு நான்கடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள். "மூணாவது நோட்ட தொறந்து வெச்சிக்கினு பாரு சார். நான் சொல்றேன்."

பெட்டி எடுத்துக் கொடுக்கும் ஊழியர், நடுத்தர வயதுப் பெண், நோட்டைத் திறந்தார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இன்று ஆண்டை கழனியில் களை எடுத்தோம். தாகம் என்று கேட்டதுக்குக் கையை ஏந்தச் சொல்லி மேலே இருந்து ஊற்றினார்கள். பக்கத்தில் சொம்பு இருந்தது."

சொல்லிவிட்டுத் திரும்பினாள். "சொம்பு இருந்துச்சின்னு எய்தி கீறனா, இல்லையா?"

அந்தப் பெண் பக்கங்களைப் புரட்டி, விரலை வைத்துப் படித்துவிட்டு, "இருக்குங்கம்மா" என்றார். அதிகாரியின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"அப்ப குடுத்துடுங்க. எடுத்துக்கினு போறோம்."

தர முடியாதாம். கொடையாக வந்ததாம். அதற்கான படிவத்தை அதிகாரி எடுத்துக் காட்டினார். 'உரிமையாளர்' என்ற இடத்தில் அந்த ஆராய்ச்சி மாணவியின் கையெழுத்து. மோர் வாங்கிக் குடித்தவளின் கையெழுத்து. என் அம்மா முதுகு வளைந்து எழுதியதற்கு அவள் உரிமையாளர்.

நான்கு மனுக்கள் போட்டேன். துணைவேந்தர் வரைக்கும் போட்டேன். பல மாதங்கள் கழித்து ஒரு கடிதமும் நோட்டுகளின் ஜெராக்ஸ் ஒரு கட்டும் வந்தன. பட்டியலில் அம்மாவின் பெயரைச் சேர்த்துவிட்டார்களாம். பெயருக்குப் பின்னால், 'குடும்பத்தினர் கூறியபடி'. ஆளே நேரில் நின்று நோட்டைப் பார்க்காமல் சொல்லியும், குடும்பத்தினர் கூறியபடி. அம்மாவுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. ஜெராக்ஸைப் பிரித்து ஒரு வாரம் படித்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, "பேனா குடு" என்றாள். அவள் விரித்து வைத்திருந்த பக்கத்தில், நடவு நாளில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கழனியிலேயே வலி கண்டதை எழுதியிருந்தாள். குழந்தை பிழைக்கவில்லை. கடைசி வரி: 'ஆண்டை வீட்டு வண்டி அன்று ஊரில் இல்லை.'

"வண்டி கொட்டாய்லதான் நின்னுக்கினு இருந்துச்சி" என்றாள் அம்மா. "கேட்டோம். குடுக்கல. நான் எய்தறது அவங்க காதுக்குப் போயிருந்துச்சி. வேலைக்குக் கூப்புட மாட்டாங்கன்னு பயந்துக்கினு இப்பிடி எய்திட்டேன்."

அந்த வரியை அடித்தாள். பக்கத்தில் இருந்த வெள்ளை இடத்தில், நடுங்கும் கையால் எழுதினாள்: 'வண்டி இருந்தது. கொடுக்கவில்லை.' கீழே தன் பெயரைப் போட்டாள்.

"இத்தயும் அந்த பொட்டியில வெக்கச் சொல்லு."

போனில் கேட்டேன். மூல ஆவணத்தில் இல்லாததைச் சேர்க்க விதியில்லை என்றார் அதே அதிகாரி. நான் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்ட அட்டை திரும்பி வந்தது. வேறு எந்தப் பதிலும் வரவில்லை. பெட்டியில் வைத்தார்களா, கசக்கிப் போட்டார்களா என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும். மில்லில் வியாழக்கிழமைக்கு லீவு சொல்லியிருக்கிறேன்.