பிள்ளைக் காம்பராவில் ஞாயிற்றுக்கிழமைகள்

தொண்ணூறுகளின் கடைசியில் என் கணவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் எனக்கு வேலை. காரியம் முடிந்த பிறகு எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் அவரைப் பற்றிப் பேசவில்லை. நான் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நின்றுவிடும். என்ன சொல்வதென்று அவர்களுக்கும் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழையில் நனைந்தபடி தோட்டத்தின் பக்கத்து டிவிசனிலிருந்து ஒரு அக்கா வந்தார். அவருடைய மகனும் அப்படித்தான் போயிருந்தான். ஏன், எப்படி என்று அவர் எதையும் கேட்கவில்லை.

“ஒங்க வீட்டுக்காரருக்கு என்ன கறி புடிக்கும்?” என்றார்.

“கருவாட்டுக் கொழம்பு. காரம் பத்தலேன்னு தெனமும் சண்ட போடுவாரு,” என்றேன்.

அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன், அப்புறம்தான் அழுதேன். அவர் தன் மகனைப் பற்றிச் சொன்னார். சாயங்காலம்வரை பேசிக்கொண்டே இருந்தோம்.

கிளம்பும்போது, “நம்மள மாதிரி எத்தன பேரு வாயத் தொறக்காம இருக்காங்களோ. கூப்புட்டுப் பாப்பமா?” என்றார்.

தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் கேட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் காம்பராவைத் திறந்துவைத்தோம். முதலில் நாங்கள் இருவர் மட்டும். பிறகு சிலர் வந்தார்கள். போகப்போக லுணுகலையிலிருந்துகூட பஸ் ஏறி வந்தார்கள். யாரிடமும் காரணம் கேட்கக் கூடாது என்பது மட்டும்தான் எங்கள் கட்டுப்பாடு.

ஒரு ஞாயிறு எங்கள் கங்காணி வாசலில் வந்து நின்றார். மலையில் அவர் குரல் கேட்டாலே பறிக்கிற கைகள் வேகமாகும். அவருக்கு ஒரு மகள் இருந்தது எங்களில் பலருக்கு மறந்தே போயிருந்தது. குழந்தைகள் உட்காரும் குட்டை பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்.

“அவ பேரச் சொல்லி வருசக்கணக்காச்சு,” என்றார்.

பிறகு சொன்னார். சோறு தின்னப் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல, அவ்வளவு மெதுவாக.

மூலையிலிருந்த ஒரு அம்மா தன் தம்பியின் பெயரைச் சொன்னார். அடுத்து இன்னொருவர். ஒவ்வொருவராகச் சொல்லி என் முறையும் வந்தது, நானும் சொன்னேன். கோயிலில் திரை விலகும்போதுகூட எனக்கு உடம்பு அப்படிச் சிலிர்த்ததில்லை. இத்தனை பேரையும் இத்தனை காலம் நெஞ்சுக்குள் எப்படி வைத்திருந்தோம் என்று பிரமித்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு எந்த டிவிசனில் அப்படியொரு சாவு நடந்தாலும், அந்த வீட்டுக்கு முதலில் போகிறவர் கங்காணிதான். எங்களில் ஒருவர் அவருக்குத் துணையாகப் போவார். “சும்மா ஒக்காந்துட்டுப் போக வந்தோங்க,” என்பார் கங்காணி. சில வீடுகளில் கதவு திறக்காது. அடுத்த வாரம் மறுபடியும் போவார்.