கழுத்தளவு தண்ணீர்

"நூறு நிருபருங்களைக் கைக்குள்ள வச்சிருக்கேன்" என்றபடி இடது செருப்பைக் கழற்றுகிறாள், ஆபீசில் எல்லாரும் 'ஊதுகுழல்' என்று கூப்பிடுகிறவள். பக்கத்து மேஜைக்காரி கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்ததும், "சரிடி, ஒருத்தர். அவரும் போனை எடுக்கிறதில்ல" என்று இறங்கி வருகிறாள். காலில் செருப்பு இருந்தால் அவளுக்குக் குரல் எடுபடாது.

சிறிய இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் மக்கள் தொடர்பு அதிகாரி அவள். இன்சூரன்ஸ் பற்றியே எழுதும் நிருபரிடம், "எங்ககிட்ட ஒரு நல்ல விஷயம் இருக்கு சார்" என்று கம்பெனிச் செய்தியைத் தள்ளிவிட வேண்டும். விஷயம் சுமாராக இருந்தால் கண், காது, மூக்கு வைப்பாள்.

போன தடவை மூக்கு நீண்டுவிட்டது. "நாட்டுலயே முதல் தடவை" என்று அவள் அளந்த திட்டத்தை, விசாரித்தால், மூன்று கம்பெனிகள் ஏற்கெனவே நடத்திக்கொண்டிருந்தன. "இன்னொரு தடவை இப்படிச் சொன்னீங்கன்னா உங்க நம்பரை பிளாக் பண்ணிடுவேன் மேடம்" என்றார் நிருபர். அந்தக் கதவு சாத்திக்கொண்டால் அவள் தட்ட வேறு கதவு கிடையாது; வேலையும் கிடையாது.

இந்த முறை கிடைத்தது சொக்கத்தங்கம். ஒரு பேக்கரிக்குள் வெள்ளம் புகுந்து, சாமான் வாங்கிய ரசீதெல்லாம் கூழாகிப் போயிற்று. ஆனால் பேக்கரிக்காரர், வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குத் தினமும் காலையில் முதல் தட்டு ரொட்டியைப் படமெடுத்து அனுப்புகிறவர். ஒவ்வொரு படத்திலும் ரொட்டிக்குப் பின்னால் அடுப்பு, மாவு பிசையும் மெஷின், அலமாரி எல்லாம் போஸ் கொடுத்துக்கொண்டு நின்றன. அந்தப் படங்களையே ஆதாரமாக ஏற்று இழப்பீடு கொடுத்துவிட்டது கம்பெனி.

நிருபர் பேக்கரிக்கே வந்தார். பேனா மட்டும் சட்டைப்பையை விட்டு வரவில்லை.

"தண்ணி எவ்வளவு வந்துச்சு?"

அன்று ஊதுகுழல் இரண்டு செருப்பையும் வாசலிலேயே விட்டிருந்தாள், கேட்க வேண்டுமா? "கழுத்தளவு சார்!" கையைக் கழுத்தில் வைத்தும் காட்டினாள்.

நிருபர் சுவரைப் பார்த்தார். தண்ணீர்க் கறை எங்கே முடிகிறது என்பதை அப்போதுதான் அவளும் பார்த்தாள்.

"கொஞ்சம் ஊதிட்டேன் சார்." கை இடுப்புக்கு வந்தது. அங்கே தயங்கியது. பிறகு, போனால் போகட்டும் என்று குனிந்து முழங்காலைத் தொட்டாள். "இவ்வளவுதான்."

நிருபர் பேனாவை எடுத்தார். 'முழங்கால்' என்று எழுதத் தொடங்கினார்.

தட்டு அடுக்கிக்கொண்டிருந்த பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னும் ரெண்டு விரல் கீழம்மா."

ஊதுகுழலின் கை இரண்டு விரல் இறங்கியது.