குளிசையும் சிவப்புத் தடிப்பும்

பிள்ளைகளே, ஈரலில் இருந்த வைரசுக்குக் குளிசை விழுங்கத் தொடங்கிய இரண்டாம் கிழமை என் கைகளில் சிவப்புத் தடிப்புகள் எழும்பின. உங்கள் அம்மா அது அம்மை என்று உடனே வாசல் படலையில் வேப்பிலை செருகிவிட்டார்.

"அம்மாள் வந்திருக்கிறா. அவ நிக்கேக்கை குளிசை போடக்கூடாது."

"என்னட்டை அவ சின்ன வயசிலையே வந்திட்டுப் போயிட்டாவே," என்றேன். ஆனாலும் அன்று காலை குளிசை போடவில்லை. நிறுத்தினால் வைரசு மிஞ்சிவிடுமோ என்ற பயமும் இருந்தது.

அன்றே நெல்லியடிக்குப் போனேன். டொக்டர் கைகளைப் பார்த்து, என் வாய்க்குள்ளும் பார்த்தார். "இது குளிசையாலை வந்தது. காய்ச்சல், வாய்ப்புண் ஒண்டும் இல்லை. நிப்பாட்டாதேங்கோ. பரவினால் உடனை வாங்கோ."

ஈரலுக்குப் போன குளிசை தோலுக்கு எப்படி வந்தது என்று யோசித்தபடியே வீடு வந்து, அன்றைய குளிசையை விழுங்கினேன். பிறகு அறையில் தனியே இருந்து, தடிப்பின் ஓரத்தைச் சுற்றிப் பேனையால் கோடு கீறினேன், நாளைக்கு அது கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்க்க.