அத்தா கொண்டுவந்த மெத்தை

எங்கள் வீட்டுத் தேநீரில் எப்போதும் ஒரு பஞ்சுத் துணுக்கு மிதக்கும். அதை விரல் நுனியால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடிப்போம். செங்கல்பட்டுக் கடைத்தெருவில் முன்பக்கம் அத்தாவின், அதாவது என் அப்பாவின், மெத்தைக் கடை, பின்பக்கம் நாங்கள். இலவம்பஞ்சை மூங்கில் கழியால் அடிக்க அடிக்க அது எழும்பி, அம்மாவின் தலைமுடி முதல் குழம்புச் சட்டி வரை போய் உட்காரும். எங்களுக்குச் சோறு போட்ட பஞ்சை யார் சந்தேகப்படுவார்கள்?

எழுபதுகளின் நடுவில், நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, அந்த "இழுப்பு" வந்தது. சளி பிடித்தால் என் நெஞ்சுக்குள் பூனை கத்துவது புதிதல்ல. ஆனால் இந்தத் தடவை உதடு நீலம் பாரித்துப் பேச்சே வராமல் போக, அத்தா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து என்னைப் பிழைக்க வைத்தார்கள். "இன்னொரு தடவை இப்படி வந்தா தாங்காது, கொஞ்ச நாள் கடல்காத்துல வையுங்க" என்றார் டாக்டர்.

மாமல்லபுரத்தில் அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, சங்கும் சிப்பி மாலையும் விற்றுக்கொண்டிருந்தார். அங்கே கோரைப்பாயில் படுத்து, மீன் குழம்பு தின்று, முதலில் வாசல்வரை நடந்து, பிறகு மணலில் ஓடி, கடைசியில் பெரியம்மாவுக்கே சரிக்குச் சரி வாயாடும் அளவுக்குத் தேறிவிட்டேன். அம்மாவிடம் திரும்பிப் போவது ஒன்றுதான் பாக்கி.

அப்போது அத்தா வந்தார், பேருந்தின் கூரையில் ஒரு மெத்தையோடு. மெத்தைக் கடைக்காரர் மகள் பாயில் படுப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. புதுப் பஞ்சைத் தானே கொட்டை பொறுக்கி அடைத்திருந்தார். நான் அதில் ஏறிக் குதித்துக் கும்மாளமிட்டேன். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்வதற்குள் பூனை மறுபடி கத்தத் தொடங்கிவிட்டது.

"இன்னா தம்பி, காலைல வரைக்கும் வூடு முழுக்க ஓடிகினு இருந்தா. ஒன் மெத்தைல ஏறுனா, இழுக்குது. கோளாறு அவகிட்ட இல்ல, ஒன் கடையிலதான் கீது!" என்றார் பெரியம்மா.

அத்தா மெத்தையைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சவுக்குத்தோப்பில் போட்டுவிட்டு வந்து, வாசற்படியிலேயே நின்றுகொண்டார். நான் கையை நீட்டினேன். "சட்டைலயும் பஞ்சு கீதும்மா" என்று அங்கேயே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இழுப்பைவிட அது எனக்கு வலித்தது.

நல்லவேளை, அந்த இழுப்பு மாத்திரைக்கு அடங்கியது. பிறகு அம்மா வந்து என்னை ஊருக்கு அழைத்துப்போனபோது கடைச் சுவரில் புதுச் சுண்ணாம்பு. பஞ்சு மூட்டை இருந்த இடமெல்லாம் எவர்சில்வர் பாத்திரங்கள். தாத்தா காலத்துக் கடையை அத்தா மாற்றிவிட்டிருந்தார். பொட்டப்பிள்ளைக்காக இப்படியா என்று உறவுக்காரர்கள் கேட்டதற்கு, "கடைய மாத்தலாம், பொண்ண மாத்த முடியுமா?" என்று வாயை அடைத்தார்.

இழுப்பு இப்போதும் எட்டிப் பார்க்கும். கைப்பையில் இன்ஹேலர் இருக்கிறது, எனக்குப் பயமில்லை. அந்தத் தெருவில் இன்று பஞ்சடிக்கும் சத்தம் கிடையாது, அத்தாவும் இல்லை. எவர்சில்வர் குடத்தைக் கையில் எடுத்தாலும், கடைசிவரை, மெத்தையைச் சோதிப்பதுபோல உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திப் பார்ப்பார் அவர். அந்தக் குடங்களில் ஒன்று என்னிடம் இருக்கிறது. தண்ணீர் பிடிக்கும்போது நானும் அழுத்திப் பார்க்கிறேன், அமுங்குவதில்லை.