டீக்கடையில் இருந்து போட்ட பச்சை

குழந்தைகளே, நான் கட்டட வேலைக்கு சூப்பர்வைசர். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனிக்குக் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தோம். எந்த வேலையை அடுத்துச் செய்யலாம் என்பதை இணையத்தில் ஒரு பக்கத்தில் குறிப்போம். நான் பச்சைக் குறி போட்டால் வேலையாட்கள் எல்லோருடைய போனிலும் உடனே தெரியும்.

ஒரு நாள் பள்ளி லீவு. மகள் மித்ராவும் கூட வந்திருந்தாள். "வெயிலுக்கு நிக்காத கண்ணு, இங்கயே உக்காரு" என்று மேற்குக் கூரையின் நிழலில் உட்கார வைத்துவிட்டு டீக்கடைக்குப் போனேன். கிழக்குக் கூரையைத் தாங்கிய முட்டுகளைப் பிரிக்கலாம் என்று குறிக்க வேண்டும். ஒரு கையில் டீயோடு அவசரமாகத் தொட்டேன். பச்சை விழுந்ததோ மேற்குக் கூரைக்கு. அது கான்கிரீட் போட்டு நாலே நாள் ஆன, இன்னும் இறுகாத கூரை.

டங், டங் என்று சுத்தியல் சத்தம் கேட்டது. மேற்கேயிருந்து! டீயைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

"நிறுத்துங்க! எல்லாரும் வெளிய வாங்க!"

பீகாரிலிருந்து வந்த சோனு திகைத்து நின்றார். "அண்ணா, நீங்கதானே பச்சை போட்டீங்க?"

மூன்று முட்டுகள் கீழே கிடந்தன. மகளை வாரிக்கொண்டு வெளியே வந்தேன். நல்லவேளை, கூரை விழவில்லை.

"ஏனுங்கப்பா, எதுக்கு இப்படி ஓடியாந்தீங்க?" என்றாள். நான் போனை எடுத்து மேற்குக்குப் போட்ட பச்சையை முதலில் அழித்தேன்.

இப்போதெல்லாம் கூரைக்கு அடியில் போய் நின்று பார்த்த பிறகுதான் போனைத் தொடுகிறேன். என்னிடம் நேரில் கேட்காமல் சுத்தியலை எடுக்க வேண்டாம் என்று சோனுவிடமும் சொல்லிவிட்டேன்.

"நெசமாவே கிழக்குதானுங்களா அண்ணா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறார். மற்றவர்கள் சிரிக்கிறார்கள். நான் அவரைக் கூட்டிப்போய்க் கூரையைக் கைகாட்டிவிட்டு வருகிறேன்.