மருந்து ரூம் கதவு

பருத்தித் தோட்டத்து மேஸ்திரியக்கா, பிள்ளைகள் மேல் இரக்கப்பட்டுத்தான் முதலாளியை மாட்டிவிட்டாள் என்று தெருவெல்லாம் பேச்சு. சிலை வைக்காத குறைதான். நிஜமாக நடந்ததைக் கேளுங்கள்.

குழந்தைத் தொழிலாளர் சோதனை ஜீப் வந்தாலே, விதைப் பருத்திக்காகப் பூவுக்குப் பூ மகரந்தம் தடவும் சிறுசுகளைப் பூச்சிமருந்து ரூமுக்குள் தள்ளிப் பூட்டுவது அவள் வேலை. அன்று ஆபீசர் டீயை உறிஞ்சிக்கொண்டு முதலாளியோடு சாவகாசமாக நாட்டு நடப்பு பேசினார். உள்ளேயிருந்து இருமல் கேட்டது. அக்கா ஓடிப்போய், ஆபீசர் கண்முன்னாலேயே கதவைத் திறந்துவிட்டாள்.

"உங்கள மாதிரி மனசு யாருக்கு வரும்க்கா!" என்று பிறகொரு நாள் தெருமுனை டீக்கடைக்காரர் உருகினார்.

"அடப் போய்யா, மண்ணாங்கட்டி மனசு! அன்னைக்கு இருமினது ஸ்கூல் லீவுன்னு நானே வேலைக்கு இழுத்துட்டு வந்த எம்பொண்ணு. ஊரான் பிள்ளைங்க இருமினப்பல்லாம், 'வாயப் பொத்துங்க சனியன்களா'ன்னு வெளிய நின்னு கதவ உதைச்சவளும் நான்தான்."